தைராய்டுக் கண்நோய்: அறிதலும் தடுத்தலும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தாற்போல் அமைந்திருக்கும் தைராய்டுச் சுரப்பிக்கும், எலும்புக் குழிக்குள் பத்திரமாகப் பொதிந்திருக்கும் கண்ணுக்கும் இடையே நேரடியான இணைப்பு எதுவும் கிடையாது. ஆயினும், அந்தச் சுரப்பி பழுதுபட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் கண்ணும் கூடவே பழுதுபடுகிறது என்பதும், அவர்களில் சிலர் பார்வையையே இழக்கும் நிலைக்குப் போய்விடுகிறார்கள் என்பதும், அந்த இழப்பு உரிய காலத்தில் கவனித்திருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கக் கூடியதே என்பதும் வைத்திய உலகம் நன்கறிந்த விஷயங்கள். அப்படியிருந்தும் நோயாளிகள் தாமதித்தே கண் வைத்தியரிடம் வந்து சேருகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அலட்சியம் மாத்திரமல்ல. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தைராய்டு அளவுகள் சீராக வந்துவிட்டால் வியாதியே தீர்ந்துவிட்டது என்று நம்பும் எண்ணம் பலரிடத்தும் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது, கண்நோயை ஆரம்பத்திலேயே அடையாளம் காண்பது எப்படி, அதைத் தடுக்க மனிதப் பிரயத்தனத்தால் ஆகக்கூடியது எவ்வளவு என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் சரித்திரம்

இங்கிலாந்திலுள்ள பாத் நகரத்து வைத்தியர் காலெப் பாரி என்பவர், கழுத்துக் கட்டியும் படபடப்பும் சேர்ந்த நோயாளி ஒருவரை 1786-ஆம் ஆண்டிலேயே கண்டு குறித்து வைத்திருந்தார். ஆனால் அவர் காலமான பிறகு, 1825-இல்தான் அந்தக் குறிப்புகள் அச்சேறின. டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இலும், ஜெர்மனியின் மெர்செபர்க் நகரில் கார்ல் வான் பாஸெடோ 1840-இலும் இந்நோயைத் தனித்தனியே விவரித்தனர். கழுத்து வீக்கம், இருதயப் படபடப்பு, கண் பிதுக்கம் என்னும் மூன்று லட்சணங்களையும் ஒருங்கே தொகுத்துரைத்த பெருமை பாஸெடோவைச் சாரும். இன்றும் ஆங்கிலம் வழங்கும் நாடுகள் இதனைக் கிரேவ்ஸ் நோய் என்றும், ஐரோப்பாவின் பிற பகுதிகள் பல பாஸெடோ நோய் என்றும் வழங்குகின்றன.

நெடுங்காலம் இது இருதயத்தின் கோளாறென்றும் நரம்பின் கோளாறென்றும் கருதப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பதே படபடப்பு முதலியவற்றுக்கு மூலம் என்ற அபிப்பிராயம் நிலைபெற்றது. அந்தச் சுரப்பி ஏன் அளவு மீறுகிறது என்ற கேள்விக்கு 1956-ஆம் ஆண்டு நியூஸிலாந்தில் ஆடம்ஸ், பர்வ்ஸ் என்ற இரு விஞ்ஞானிகளால் துப்புக் கிடைத்தது. பிட்யூட்டரிச் சுரப்பியின் தூண்டுநீரைக் காட்டிலும் நெடுநேரம் தைராய்டைத் தூண்டிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள் இந்நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதை அவர்கள் கண்டனர். அது தேகம் தன்னைக் காத்துக்கொள்ள உற்பத்தி செய்யும் எதிர்ப்பொருள் இனத்தைச் சேர்ந்தது என்பது பின்னர் நிரூபணமாயிற்று. அந்நியக் கிருமிகளை எதிர்க்க வேண்டிய சக்தி சொந்த அவயவத்தின் மேலேயே திரும்பிவிடுவதுதான் இந்நோயின் அடிப்படை.

கண்ணில் நடப்பது என்ன?

தைராய்டுச் சுரப்பியில் எந்த ஏற்பியை அந்த எதிர்ப்பொருள் தாக்குகிறதோ அதே ஏற்பி, கண்ணுக்குப் பின்னாலுள்ள இணைப்புத் திசுவின் உயிரணுக்களிலும் அமைந்திருக்கிறது. அங்கே தூண்டப்பட்ட உயிரணுக்கள், நீரை ஏராளமாக இழுத்து வைத்துக்கொள்ளும் ஹயலூரானிக் அமிலத்தைப் பெருக்குகின்றன; கொழுப்பும் பெருகுகிறது; கண்ணை அசைக்கும் தசைகள் வீங்கித் தடிக்கின்றன. கண்குழியோ சுமார் 30 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடையது. நாற்புறமும் சுவர் எழுப்பி வாசல் மாத்திரம் திறந்திருக்கும் அறையைப் போன்றது. உள்ளே இடம் போதாமற் போனால் கண் முன்னோக்கித் தள்ளப்படுவது தவிர வேறு வழியில்லை.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு விசேஷம் உண்டு. கண் முன்னுக்கு வருவது பார்வைக்கு விகாரமாயிருந்தாலும், உள்ளேயுள்ள அழுத்தத்தைத் தேகம் தானே ஓரளவு தணித்துக்கொள்ளும் உபாயமாகவும் அது அமைகிறது. இமைகளும் அவற்றைச் சார்ந்த திசுக்களும் இறுக்கமாக இருந்து கண்ணை முன்னே வரவிடாத சிலருக்கு, வீங்கிய தசைகள் குழியின் கூர்முனையில் பார்வை நரம்பை நெருக்கிப் பார்வையைக் குறைத்துவிடக் கூடும். ஆகவே, கண் அதிகமாகப் பிதுங்கவில்லை என்பதனாலேயே அபாயமில்லை என்று முடிவு கட்டலாகாது.

இந்நோய் என்றென்றும் ஒரே வேகத்தில் வளர்வதன்று. 1945-இல் ரண்டில் என்பவர் எடுத்துக்காட்டியபடி, அழற்சி மிகுந்து ஏறும் பருவம் ஒன்றும், பிறகு தணிந்து ஓரிடத்தில் நிலைக்கும் பருவம் ஒன்றுமாக இது இயங்குகிறது. ஏறும் பருவம் சில மாதங்கள் முதல் 2 ஆண்டுகள் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். அழற்சியை அடக்கும் மருந்துகள் அந்தப் பருவத்தில்தான் நன்கு பலிக்கும். நிலைத்துப்போன பிறகு தழும்பாக எஞ்சி நிற்பதைச் சத்திர சிகிச்சையே சீர்ப்படுத்த முடியும். காலத்தில் அறிதல் என்பதற்கு இந்நோயில் இவ்வளவு மதிப்பிருப்பது இதனாலேதான்.

யாருக்கு வருகிறது?

நம் ஊரில் 'எனக்குத் தைராய்டு இருக்கிறது' என்று சொல்வோரில் பெரும்பாலோர் சுரப்புக் குறைவினால் தினம் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்; அவர்களுக்கு இக்கண்நோய் வருவது அபூர்வம். கண்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய 100-க்கு 90 பேர் சுரப்பு மிகுதியாகும் கிரேவ்ஸ் நோயுடையவர்கள். ஏனையோருக்குச் சுரப்புக் குறைவோ, முற்றிலும் சீரான சுரப்போ இருக்கக்கூடும். கிரேவ்ஸ் நோயாளிகளை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய நால்வரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை ஏதேனும் ஒரு வகையில் கண் பாதிக்கப்படுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இலேசானதே. பார்வைக்கே அபாயம் விளைவது சுமார் 100-க்கு 5 பேருக்கு மாத்திரம். எண்ணிக்கையில் பெண்கள் அதிகமானாலும், ஆண்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் வரும்போது கடுமையாக வருகிறது.

சுரப்பி நோயும் கண்நோயும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டி 18 மாதங்களுக்குள் தோன்றுகின்றன. ஆனால் எது முந்தியது எது பிந்தியது என்பதற்கு நியமம் கிடையாது. சிலருக்குக் கண்ணே முதலில் அறிவிக்கும்; சிலருக்குச் சுரப்பி அடங்கி மாத்திரையும் குறைந்த பிறகு கண் தொல்லை ஆரம்பிக்கும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தும் தனித்தனிப் போக்குடையவையாதலால், ஒன்றின் சௌக்கியத்தைக் கொண்டு மற்றொன்றின் சௌக்கியத்தை அநுமானிப்பது தவறு.

அடையாளங்கள்

மேலிமை சாதாரணமாகக் கருவிழியின் மேல்விளிம்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவு மூடியிருக்க வேண்டும். இந்நோயில் அந்த இமை மேலேறிக் கருவிழிக்கு மேலும் வெள்ளை விழி தெரியத் தொடங்குகிறது. எல்லா அடையாளங்களிலும் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். வீட்டிலும் தெருவிலும், 'ஏன் இப்படி முறைத்துப் பார்க்கிறாய்' என்று பிறர் கேட்பதிலிருந்தே பல பெண்களுக்கு இந்த வியாதி அறிமுகமாகிறது. கோபமும் பயமும் சற்றுமில்லாதவள் எந்நேரமும் கோபித்தவளாகவோ மிரண்டவளாகவோ தோன்றுவதால், அவள் நாலு பேர் நடுவில் போகக் கூசுவதும், கண்ணாடி பார்க்க மனமின்றி இருப்பதும் இந்நோயின் சாதாரணக் கஷ்டங்கள்.

வைத்தியர் தம் விரலை நோயாளியின் முகத்துக்கெதிரே உயர்த்திப் பிடித்து, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்லி, மெல்லக் கீழே இறக்குவார். ஆரோக்கியமான கண்ணில் விழியோடு இமையும் சேர்ந்தே இறங்கும். நோயுற்ற கண்ணில் விழி முன்னே இறங்க, இமை பின்தங்கி நின்று, இரண்டுக்குமிடையே வெண்மையான ஒரு பட்டை பளிச்சென்று தெரியும். 1864-இல் ஜெர்மானிய வைத்தியர் வான் கிரேஃப் விவரித்த இந்தச் சோதனைக்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். பிதுக்கத்தை அளப்பதற்கு 1905-இல் ஹெர்ட்டல் என்பவர் அமைத்த கருவி இருக்கிறது. கண்குழியின் வெளிப்புற எலும்பு விளிம்பிலிருந்து கருவிழியின் முன்புறம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதை அது மில்லிமீட்டரில் காட்டும். ஒரு கண்ணுக்கும் மற்றொரு கண்ணுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசமிருந்தால் காரணம் தேடியே ஆகவேண்டும்.

நோயாளி தாமே உணரக்கூடியவை வேறு சில: கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், காற்றுப் பட்டால் நீர் வடிதல், வெளிச்சம் தாங்காமை, காலையில் எழுந்ததும் இமைகள் தடித்திருத்தல், கண்ணுக்குப் பின்னால் ஓர் அழுத்தம், மேலும் பக்கமும் பார்க்கையில் வலி. அடுத்தபடியாக, பொருள்கள் இரண்டிரண்டாகத் தோன்றும். முதலில் களைத்திருக்கும்போதோ தூங்கி எழுந்ததுமோ தோன்றி, பிறகு சில திசைகளில் பார்க்கும்போது மாத்திரம் தோன்றி, கடைசியில் எப்போதும் தோன்றும் இந்த இரட்டைப் பார்வைக்குக் காரணம் தசைகளின் விறைப்பு. எல்லாவற்றிலும் முதலில் இறுகுவது கண்ணின் கீழ்த் தசையாகையால், மேலே பார்ப்பது கடினமாகி, சிலர் தம்மையறியாமல் மோவாயை உயர்த்தியபடியே நடமாடுகிறார்கள்.

அழற்சி இன்னும் ஏறுமுகத்தில் இருக்கிறதா என்பதை நிர்ணயிக்க, 1989-இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வைத்தியர்கள் ஒரு கணக்கை வகுத்தார்கள். சும்மா இருக்கும்போதே பின்கண்ணில் வலி, அசைக்கையில் வலி, இமைச் சிவப்பு, வெண்விழிச் சிவப்பு, இமை வீக்கம், மூக்கோரச் சதைத் திரளின் வீக்கம், வெண்விழிப் படலத்தின் நீர்க்கோப்பு என்னும் ஏழில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நோய் செயல் பருவத்தில் இருப்பதாகக் கொள்வது வழக்கம்.

இவற்றினும் மேலாக, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய அறிகுறிகள் சில உண்டு. கண்ணைச் சிமிட்டினாலும் தெளியாத மங்கல். வர்ணங்கள், முக்கியமாகச் சிவப்பு, வெளிறித் தோன்றுதல். இமைகள் முழுதும் மூடாமல் கருவிழி உலர்ந்து வெண்மைத் திட்டு விழுதல். விழி இமைகளுக்கு வெளியே பிதுங்கி நின்றுவிடுதல். இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் நாள் தள்ளுவது பார்வையைப் பணயம் வைப்பதாகும்.

வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய பரிசோதனைகளும் இருக்கின்றன. குங்குமச் சிமிழைத் திறந்து, ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் மாற்றி மாற்றிப் பார்த்தால் சிவப்பு இரண்டிலும் ஒரே மாதிரி அழுத்தமாகத் தெரிகிறதா என்பது விளங்கும். ஐந்து வருஷத்துக்கு முன் எடுத்த கல்யாணப் புகைப்படத்தை இன்றைய முகத்தோடு ஒத்துப் பார்த்தால், தினம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத மாறுதல் தெரியும். தூங்கும்போது இமைகள் முழுதும் மூடியிருக்கின்றனவா என்பதைக் கவனித்துச் சொல்ல வீட்டிலிருப்பவர்களால்தான் முடியும்.

மயங்கச் செய்யும் நோய்கள்

கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லிவிடுவது நமது பழக்கம். ஆனால் மெட்ராஸ் ஐ திடீரென்று வந்து, பீளை தள்ளி, வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றி, சாதாரணமாக ஓரிரு வாரங்களில் தானே அடங்கிவிடும்; மாதக்கணக்கில் நீடிக்கும் சிவப்பும் இமை வீக்கமும் அந்த வகையைச் சேர்ந்தவையல்ல. ஒவ்வாமையென்று எண்ணி, வைத்தியர் சீட்டின்றி மருந்துக் கடையில் ஸ்டீராய்டுச் சொட்டு வாங்கிப் போட்டுக்கொண்டே போகிறவர்களுக்குக் கண் அழுத்த நோயும் கண்புரையும் நேரிடலாம்; மூலநோயோ அறியப்படாமலே இருந்துவிடும். கடுமையான கிட்டப்பார்வையுடையவர்களின் கண் இயல்பாகவே பெரிதாகத் தோன்றும். ஒரு கண் மாத்திரம் பிதுங்கினால் கட்டியைப் பற்றிய சந்தேகம் எழுவது நியாயமே. ஆயினும் வயது வந்தவர்களிடத்து ஒற்றைக் கண் பிதுக்கத்துக்கும் மிகச் சாதாரணமான காரணம் தைராய்டுதான். ஸ்கேனில் தசையின் நடுப்பகுதி தடித்து, அதன் முனைநாண் தடிக்காமலிருப்பது இந்நோய்க்குரிய விசேஷ லட்சணம். இமை மேலேறுவதற்கு மாறாகத் தொங்கிப்போனால், தசைத் தளர்ச்சி நோயும் கூட இருக்கலாமென்று ஆராய வேண்டும்.

தடுப்பு முறைகள்

நோயைத் தோற்றுவிக்கும் எதிர்ப்பொருளை முன்கூட்டியே நிறுத்தும் மருந்து இன்றளவும் கிடையாது. ஆனால் அது கண்ணைத் தாக்குவதையும் தாக்கியது முற்றுவதையும் பெருமளவு குறைக்கும் வழிகள் உண்டு. அவற்றில் முதலாவதும் தலையாயதும் புகையிலையை விடுவது. புகைப்பவர்களுக்கு இக்கண்நோய் வரும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மிகுதி என்பதை 1993-இல் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. அதோடு, புகைப்பவர்களுக்கு நோய் கடுமையாகவும் வருகிறது. சிகிச்சையும் குறைவாகவே பலிக்கிறது. நம் நாட்டில் பெண்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஒரே அறையில் வாழும் கணவரின் பீடிப் புகை மனைவியின் சுவாசத்துக்கும் சொந்தமாகிவிடுகிறதே! நோயாளி மாத்திரமன்றிக் குடும்பத்தாரும் விட்டாக வேண்டிய பழக்கம் அது.

இரண்டாவது, சுரப்பை விரைவில் சமநிலைக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவது. மிகுந்தாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைச் சாதாரணமாக 12 முதல் 18 மாதங்கள் வரை சாப்பிட வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் சில வாரங்களுக்கொருமுறை ரத்தம் பரிசோதித்து அளவை மாற்றவேண்டும். படபடப்பு நின்றதென்று பாதியில் விட்டுவிடுவதும், பழைய சீட்டை வைத்துக்கொண்டு பரிசோதனையின்றியே தொடர்வதும் கண்ணுக்குச் செய்யும் துரோகம்.

மூன்றாவது, சுரப்பை அடக்கத் தரப்படும் கதிரியக்க அயோடின் சிகிச்சையில் ஜாக்கிரதை. 1998-இல் வெளியான இத்தாலிய ஆராய்ச்சியில், அச்சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 15 பேருக்குக் கண்நோய் புதிதாகத் தோன்றியது அல்லது முற்றியது. மாத்திரை மட்டும் பெற்றவர்களில் அது 100-க்கு 3 பேர். கதிரியக்க அயோடினோடு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட முற்றவில்லை. ஆகையால் அந்தச் சிகிச்சை கூடவே கூடாது என்பதன்று. கண்ணை முன்பே பரிசோதித்து, தேவைப்பட்டால் ஸ்டீராய்டுப் பாதுகாப்புத் தந்து, பின்னால் ஏற்படும் சுரப்புக் குறைவைத் தாமதமின்றி ஈடு செய்வதே முறை.

நான்காவது, செலினியம் என்னும் தாதுச்சத்து. இலேசான கண்நோயுடையவர்களுக்கு 100 மைக்ரோகிராம் வீதம் தினம் இருவேளை 6 மாதங்கள் கொடுத்ததில் நன்மை கண்டதாக 2011-இல் ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. அந்த ஆராய்ச்சி செலினியம் குறைவான பிரதேசங்களில் நடந்ததாகையால் எல்லா நாட்டாருக்கும் அப்படியே பொருந்துமென்று சொல்வதற்கில்லை. மிதமிஞ்சினால் முடி உதிர்தலும் நகச் சிதைவும் உண்டாகும். வைத்தியர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடும் பண்டமன்று அது. அவ்வாறே, அயோடின் கலந்த சமையல் உப்பை நிறுத்திவிட்டால் கண்நோய் நீங்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. தவிர்க்க வேண்டியவை கடற்பாசி மாத்திரை போன்ற அயோடின் மிகுந்த பொருள்களே.

சிகிச்சையின் சுருக்கம்

இலேசான நோய்க்குப் பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, தலையணையை உயர்த்திப் படுத்தல், வெயிலில் கறுப்புக் கண்ணாடி, இரட்டைப் பார்வைக்குப் பட்டகக் கண்ணாடி ஆகியவையே பெரும்பாலும் போதும். நடுத்தரமும் கடுமையுமான நோய், செயல் பருவத்தில் இருக்கும்போது, மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை வாரத்துக்கொருமுறை வீதம் 12 வாரங்களில் மொத்தம் சுமார் 4.5 கிராம் ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துவது வழக்கம். கல்லீரலுக்குக் கேடாகாதபடி மொத்த அளவு 8 கிராமைத் தாண்டலாகாது. நீரிழிவு மலிந்த நமது நாட்டில் இந்த மருந்து சர்க்கரையை உயர்த்தும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற டெப்ரோடுமுமாப் என்ற மருந்து, 3 வாரங்களுக்கொருமுறை வீதம் 8 தடவை செலுத்தப்பட்டுப் பிதுக்கத்தையே குறைக்கிறது, ஆனால் விலை மிக அதிகம், செவித்திறன் குறைவும் சர்க்கரை உயர்வும் அதன் பக்க விளைவுகள், கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

பார்வை நரம்பு நெருக்கப்பட்டு, மருந்தால் விரைவில் குணம் தெரியாவிட்டால், கண்குழியின் எலும்புச் சுவரைத் திறந்து இடமுண்டாக்கும் சத்திர சிகிச்சை தேவைப்படும். 1931-இல் நாஃப்ஸிகர் என்பவர் மண்டையோட்டைத் திறந்து செய்த இந்த வேலையை, இன்று இமை மடிப்பின் வழியாகவும் மூக்கின் வழியாகவும் செய்கிறார்கள். பல சத்திர சிகிச்சைகள் வேண்டியிருப்பின், முதலில் எலும்பு, பிறகு தசை, கடைசியில் இமை என்பதே கிரமம். முன்னதன் விளைவு பின்னதன் அளவை மாற்றிவிடும் என்பதே அதற்குக் காரணம்.

முடிவுரை

2009-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வைத்திய அமைப்புகளும் நோயாளர் அமைப்புகளும், இந்நோயைத் தடுப்பதற்கும் காலத்தில் சிகிச்சை அளிப்பதற்கும் ஒரு பிரகடனமே வெளியிட்டன. சுரப்பி வைத்தியரும் கண் வைத்தியரும் ஒரே நோயாளியைக் கூடியிருந்து பார்ப்பது பல தேசங்களில் முறையாகிவிட்டது. நம்மிடத்திலோ இருவரும் வெவ்வேறு தெருக்களில் இருக்க, நோயாளிதான் இருவரின் சீட்டுகளையும் பையில் சுமந்துகொண்டு அலைகிறார். தைராய்டு மிகைக்குச் சிகிச்சை தொடங்கும் ஒவ்வொருவரையும் கண் பரிசோதனைக்கும் அனுப்பிவைப்பதை வைத்தியர்கள் ஒரு நியமமாகக் கொள்ள வேண்டும். வாசகர்களுக்குச் சொல்வது இதுதான்: கிரேவ்ஸ் நோய் என்று தெரிந்த அன்றே புகையிலையை விடுங்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், ரத்தச் சீட்டு என்ன சொன்னாலும் கண்ணைத் தனியே காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், நிறம் வெளிறினால் ஒரு நாளும் காத்திராதீர்கள்.